ஆயுசுக்கும் மாத்த வேண்டாத ஆயில்

பிரேக்கிலிருந்து காலை எடுக்காதே என்று பாய் சொல்லியிருக்கிறார், நானும் எடுக்கவில்லை. வண்டி தரையில் இல்லை. இரண்டு இரும்புத் தூண்களின் கைகளில் ஓர் ஆள் உயரத்துக்குத் தொங்குகிறது. அதற்குள்ளே சீட் பெல்ட்கூடப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், எங்கேயும் போகாத வண்டிக்கு எதற்குப் பெல்ட், ஏறினதும் கை தானாக இழுத்து மாட்டிவிட்டது. சிங்காநல்லூரில் நசீர் பாய் ஷெட்டுக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறேன், அப்போதெல்லாம் வண்டிதான் மேலே போகும், நான் கீழே ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடிப்பேன். இன்றைக்கு உதவிக்குப் பையன் இல்லை, கியர் மாற்றிக் கொடுக்க ஒருத்தர் வேணும், நீயே ஏறிக்க சென்னி என்றார், ஏறிக்கொண்டேன். "ரிவர்ஸ் போடு" என்கிறார் அடியிலிருந்து. போடுகிறேன். வண்டி லேசாகச் சிலிர்க்கிறது. "அப்படியே நிறுத்து. இப்ப நியூட்ரல். இப்ப டிரைவ்ல போடு." ஒவ்வொன்றிலும் ஒரு மூச்சு விடும் நேரம் நிற்க வேண்டும், புது ஆயில் உள்ளே எல்லாச் சந்துபொந்துக்கும் போய்ச் சேர வேண்டும் என்கிறார். இந்தக் கியர் பெட்டியில் ஆயில் அளவு பார்க்கக் குச்சி கிடையாது. வண்டி செய்த ஜெர்மன்காரன் வைக்கவில்லை. இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க, ஆயில் சூடாகி நாற்பது டிகிரிக்கு வர, அப்போது பக்கவாட்டில் இருக்கும் மூடியைத் திறந்தால் மிச்சம் வெளியே வழியும். நூல் பிடித்த மாதிரி வழிவது சொட்டுச் சொட்டாக மாறுகிறபோது மூடிவிட வேண்டும், அதுதான் சரியான அளவு. அதுவரை காத்திருக்க வேண்டும். காத்திருப்பதற்கென்ன, டிரைவர் உத்தியோகத்தில் பாதி அதுதானே. மண்டப வாசல், பேங்க் வாசல், வக்கீல் வீட்டு வாசல் என்று என் ஆயுசில் பாதி வாசலிலேயே போயிருக்கிறது. ஆனால் அங்கெல்லாம் கால் வலித்தால் இறங்கி நடக்கலாம். இங்கே கதவைத் திறந்தால் காற்றில்தான் கால் வைக்க வேண்டும். "பார்க்கிங்ல போட்டுட்டு சும்மா உக்காரு" என்கிறார் பாய், "சூடாகட்டும்." போட்டுவிட்டேன். சும்மா உட்காருவதுதான் முடியவில்லை.

பாய் வேண்டுமென்று சொல்லவில்லை. அவர் அப்படிப்பட்ட ஆளும் இல்லை. அடியில் நின்று புது ஆயிலை பம்ப் வைத்து ஏற்றிக்கொண்டே, நாளைக்கு மழை வரும்போல இருக்கு என்கிற மாதிரி சொன்னார். "இத முடிச்சுட்டு வண்டியக் கழுவி நிறுத்தீரலாம். தாராபுரத்துக்காரரு வந்துட்டே இருக்காரு." எந்தத் தாராபுரத்துக்காரர் பாய் என்றேன். "வண்டிய வாங்கறவரு. ரைஸ்மில் நாச்சிமுத்து. வண்டியோட டிரைவரும் வந்துருவான்னு உங்க மொதலாளி நேத்து போன்ல சொன்னாரே, உனக்குத் தெரியாதா?" அப்போது நான் வண்டியோடு மேலேதான் இருந்தேன். நான் என்ன சொன்னேன் என்றால், "தெரியும் பாய்" என்று சொன்னேன். அதுதான் இப்போது நெஞ்சில் மீன் முள்ளாகக் குத்துகிறது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு யாரும் சொல்லவில்லை பாய் என்று சொல்லியிருந்தால் அவர் ஐயோ என்றிருப்பார், என் முகத்தைப் பார்த்திருப்பார், அதற்குத்தான் பயந்தேன். கட்டின பெண்டாட்டி ஓடிப்போனதை அடுத்த வீட்டுக்காரன் வாயால் கேட்டவன் எனக்கு முன்னமே தெரியும் என்று சொல்வான் இல்லையா, அந்த மாதிரி. தெரியும் பாய். சொல்லிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன், பழக்கத்தில், பின் சீட்டைப் பார்க்கிற கண்ணாடியில். முதலாளி உட்காருகிற இடது பக்கத்துத் தோலில் அவர் உடம்பின் பள்ளம் அப்படியே இருக்கிறது. ஆள் இல்லை. வித்துவிட்டார். வண்டியை வித்துவிட்டார், சரி, அவர் வண்டி, அவர் விற்கிறார். என்னை எப்படி விற்றார்.

காலையில் எவ்வளவு சந்தோஷமாகக் கிளம்பினேன் என்று நினைத்தால் சிரிப்பாக வருகிறது. திருப்பூரில் பனியன் கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முதலாளி வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார், "ஏண்டா சென்னி, நீ சொல்லிட்டே இருந்தியே கியர் ஆயிலு, அத மாத்திக்கிட்டு வந்துரு. நாளைக்குப் பழனி போலாம்" என்றார். நான் எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது வண்டி முதுகில் ஒரு உதை விடும். மேட்டில் ஏறும்போது யோசிக்கும். பின்னால் உட்காருகிறவருக்குத் தெரியாது, அவர் தூங்குவார், உதை எனக்குத்தான் தெரியும், ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்து உதையை என் காலிலேயே வாங்கிக்கொள்வேன். சொன்னால் சிரிப்பார். "ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்னு கம்பெனிக்காரனே எழுதி வெச்சிருக்கறான். ஜெர்மன்காரன விட நீ படிச்சவனாடா?" என்பார். பின்னால் உட்கார்ந்திருக்கும் பட்டறைக்காரர்கள், ஆடிட்டர், எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். கேலி செய்கிறார் என்றால் உரிமை இருக்கிறது என்று அர்த்தம், அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். பாயிடம் ஒருதரம் கேட்டேன், ஆயுசுக்கும் என்று போட்டிருக்கிறார்களே பாய், நிஜமா. "யாரோட ஆயுசுன்னு போட்டிருக்குதா பாரு" என்றார். "வாரண்டி முடியற வரைக்கும்தான் அவனுக்கு ஆயுசு. அப்பறம் பொட்டி செத்தா அவனுக்கென்ன, நமக்கென்ன, உங்க மொதலாளிக்குத்தான்." அதையும் போய்ச் சொன்னேன். கேட்கவில்லை. அப்படிப்பட்டவர் இன்றைக்குக் காலையில் தானாக வந்து மாத்திக்கிட்டு வா என்றதும், நம் பேச்சும் ஒரு நாள் ஏறியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்காரி கோகிலாவிடம் போய், "பாத்தியா, கடசீல நாஞ்சொன்னதத்தான் கேட்டாரு" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் இட்லி வைத்துக்கொண்டே, "கேட்டாச் சரி" என்றாள். அவினாசி ரோட்டில் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தேன். ஆடு கூட மஞ்சத்தண்ணி தெளித்தால் சந்தேகப்படும். எனக்கு அந்தப் புத்தியும் இல்லை.

தெரிந்திருக்க வேண்டும். பத்துப் பதினைந்து நாளாகவே முதலாளி போன் வந்தால் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, இறங்கிப் போய்ப் புளியமரத்தடியில் நின்று பேசினார். இது இந்த வண்டியில் நடக்காத விஷயம். தம்பியோடு பாகத் தகராறு வந்தபோது இந்த சீட்டில் உட்கார்ந்துதான் அழுதார். மருமகன் குடிக்கிறான் என்று தெரிந்த அன்றைக்கு இங்கேதான் கத்தினார். என் காது இருக்கிறதென்று அவர் ஒரு நாளும் குரலைத் தணித்ததில்லை, நானும் கேட்டதை வீட்டில் கூடச் சொன்னதில்லை, கோகிலா துருவித் துருவிக் கேட்டும் சொன்னதில்லை. அந்த மனுஷன் என் காதுக்குப் பயந்து மரத்தடிக்குப் போகிறார் என்றால் நான் என்ன நினைத்தேன். உடம்புக்கு ஏதோ பெரிசாக வந்திருக்கிறது, டாக்டரோடுதான் ரகசியமாகப் பேசுகிறார் என்று நினைத்தேன். நெஞ்சு வலி என்று முன்னொரு தடவை அவரைக் கோயம்புத்தூருக்கு அடித்துப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தவன் நான்தானே, அந்தப் பயம் விட்டுப் போகவில்லை. திரும்பி வந்து உட்காரும்போது என் கண்ணைப் பார்க்க மாட்டார். பாவம், எனக்குத் தெரிந்தால் நான் உடைந்துபோய்விடுவேன் என்று மறைக்கிறார், அப்படித்தான் நினைத்தேன். பழனி ஆண்டவனுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். அவருக்கு ஒன்றும் இருக்கக் கூடாது, என் முடியை எடுத்துக்கொள் என்று. ஊரெல்லாம் ஒரு கணக்குப் போட்டால் நான் ஒரு கணக்குப் போட்டிருக்கிறேன். அவர் மரத்தடியில் நின்று, ஆமாங்க, டிரைவரும் கூடவே வந்துருவான், நல்ல பையன், வாய் திறக்க மாட்டான் என்று என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். நான் அங்கே ஏசியை அணைத்துவிட்டு வெயிலில் அவருக்காக வேண்டிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த வேண்டுதலை என்ன செய்வது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, நல்லாத்தான் இருக்கிறார். சாமி தன் பங்கைச் செய்துவிட்டது, நான் என் பங்கைச் செய்தாக வேண்டும்.

"இருவத்தேழு" என்கிறார் பாய். கையில் ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறார், அதில் சூடு தெரிகிறது. இன்னும் நேரம் இருக்கிறது. வண்டியோடு போகிற டிரைவர்களைப் பற்றி எனக்குத் தெரியாததில்லை. பெரிய வண்டி கை மாறும்போது கூடவே ஆளும் கை மாறுவது இந்தப் பக்கம் நடக்கிறதுதான், புது ஆளிடம் கொடுத்தால் கெடுத்துவிடுவான், பழகினவனே வரட்டும் என்று வாங்குகிறவர்கள் கேட்பார்கள். மண்டபத்தில் முகூர்த்தம் நடக்கும்போது பின்னால் பார்க்கிங்கில் நாங்கள் டிரைவர்கள் கூடி நிற்போம், அங்கே அப்படி வந்தவன் ஒருத்தன் இருப்பான், அவனுக்குப் பெயர் சீதனம். "என்னப்பா சீதனம், புது மாமியார் வூடு எப்படி?" என்பார்கள். அவன் சிரிப்பான். முதல் பந்தியில் டிரைவர்களுக்குச் சோறு போட்டாலும் அவன் கடைசியில்தான் போய் உட்காருவான், புது முதலாளிக்கு எந்த நேரம் வேணும் என்று அவனுக்குத் தெரியாது, அதனால். இனிமேல் நான் சீதனம். சென்னியப்பன் என்கிற பெயரை மறந்துவிடலாம். கம்பெனி காம்பவுண்டுக்குள் இருக்கிற வீடு டிரைவர் வீடு, டிரைவர் போனால் வீடு போகும். மகள் தாரணி ப்ளஸ் டூ. இந்த வருஷம் பரீட்சை. பாதியில் எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள், அவள் கணக்கு டீச்சர் கணக்கு டீச்சர் என்று உயிரை விடுகிறாளே, அது முதலாளிக்கும் தெரியும், பள்ளிக்கூடத்தில் சேர்க்கையில் அவர்தான் ஹெட்மாஸ்டரிடம் பேசினார். என்ற வூட்டுப் புள்ள மாதிரி என்று சொன்னார். அவர் வீட்டுப் பிள்ளையை பரீட்சை வருஷத்தில் தாராபுரத்துக்கு அனுப்புவாரா. கேட்டிருந்தால் போயிருப்பேனோ என்னவோ. சென்னி, இந்த மாதிரி நிலைமை, வண்டிய நிறுத்திக்க முடியல, உனக்கு ஒரு நல்ல இடம் பாத்திருக்கறேன், போறியா என்று ஒரு வார்த்தை. கேட்டால் நான் மாட்டேன் என்றா சொல்லப்போகிறேன், அவர் சொல்லி நான் எதை மாட்டேன் என்றிருக்கிறேன். அதனால்தான் கேட்கவில்லை போலிருக்கிறது. பதில் தெரிந்த கேள்வியை எதற்குக் கேட்பது. இந்த வண்டியை எடுத்த அன்றைக்கு எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்கின கையோடு சாவியைத் தன் மகனிடம் கொடுக்காமல் என் கையில் கொடுத்தார், "இத விக்கறதா இருந்தா உன்னையக் கேக்காம விக்க மாட்டேன்டா" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் அதை நிஜம் என்று வைத்துக்கொண்டேன். நான்தான் முட்டாள், சாவி கொடுக்கிறபோது எல்லாரும் எதையாவது சொல்வார்கள்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது, அதை நினைக்கக் கூடாது என்று சுற்றிச் சுற்றி வருகிறேன். நான் வண்டியில் ஏறுவதற்கு முன்னால், பாய் பழைய ஆயிலை இறக்கினபோது கீழே கூடவே நின்றேன். சிவப்பாக இருக்க வேண்டியது, டீ டிகாக்‌ஷன் மாதிரி கறுத்து, கருகின வாடை அடித்தது. அடித்தட்டைக் கழற்றினார். அதில் காந்தம் பதித்திருக்கிறது, இரும்புத் தூள் ஒட்டிக்கொள்ள. சாம்பல் நிறத்தில் சேறு கொழகொழவென்று ஒட்டியிருந்தது, அது எல்லா வண்டியிலும் இருக்கும், ஆனால் பாய் அதில் விரலை விட்டுத் தடவி, நகத்தளவு துண்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். இரும்பு. தூள் இல்லை, துண்டு. என்னிடம் காட்டினார். "உள்ள தேஞ்சு உதிருது" என்றார். "புது ஆயிலு ஊத்தறமல்ல, கொஞ்ச நாளைக்கு வெண்ணெயாட்டம் போகும். அப்பறம் அல்லா விட்ட வழி." தட்டைத் துடைத்து மாட்டிவிட்டார். அப்போது நான் முதலாளிக்காகக் கவலைப்பட்டேன். ஐயோ, இவ்வளவு தூரம் விட்டுவிட்டோமே, பெட்டி போனால் அவருக்கு எத்தனை செலவு என்று. இப்போதுதான் புரிகிறது, அவருக்குச் செலவே இல்லை. உதைக்காமல் இருக்க வேண்டிய அந்தக் கொஞ்ச நாளுக்குத்தான் இந்த ஆயில். பழைய ஆயிலை வைக்காமல் உடனே கொட்டிவிடச் சொல்லியிருக்கிறார் என்று பாய் சொன்னாரே, நான் அதைச் சுத்தம் பார்க்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். வாங்குகிறவர் எதைக் கேட்டாலும் "ஓட்டறவனையே கேட்டுக்குங்க, அவன் பொய் சொல்ல மாட்டான்" என்று முதலாளி சொன்னாராம், அதுவும் பாய் சொன்னதுதான். என் வாயையும் சேர்த்து விலை பேசியிருக்கிறார். அந்தப் பெட்டி உடையும்போது தாராபுரம் ரோட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போவது நான். நல்லா இருக்குன்னு சொன்னியேப்பா என்று அந்த மனுஷன் கேட்கும்போது எதிரில் நிற்கப் போவதும் நான். திருப்பூரில் முதலாளி புது வண்டியில் தூங்கிக்கொண்டு போவார். ஏசி முகத்தில் அடித்தும் வேர்க்கிறது. இறங்கி ஓடிவிடலாம் என்றால் தரை கீழே இருக்கிறது.

ஷெட் வாசலில் பழைய அம்பாசிடர் ஒன்று வந்து நின்றது. வெள்ளை வேஷ்டி, தோளில் துண்டு, தானே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பாய் தலையை நீட்டி, "வாங்க வாங்க, ஆயில் லெவல் பாத்துட்டு இருக்கறோம்" என்றார். அவர் நேராக வண்டிக்கு அடியில் வராமல் என் பக்கத்துக் கண்ணாடிக்குக் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பெரிய மனுஷன் கீழே நிற்க நான் மேலே உட்கார்ந்திருக்கிறேன், இந்த மாதிரி என் ஜென்மத்தில் நடந்ததில்லை. பெல்ட்டைக் கழற்றப் போனேன். "எறங்காத, எறங்காத. வேலை நடக்கட்டும். நீதான் சென்னியாப்பா?" ஆமாங்க என்றேன், கண்ணாடியை முழுக்க இறக்கினேன், குனிந்து குனிந்து பார்த்தேன், குனிந்தாலும் அவருக்கு மேலேதான் இருந்தேன். "வண்டி எப்படி? எனக்கு இந்தத் தானா கியர் மாத்திக்கற வண்டியெல்லாம் தெரியாது. மருமக ஆசப்பட்டுச்சுன்னு எடுக்கறேன். ஆயிலெல்லாம் அப்பப்ப மாத்துனீங்களா?" பாய் அடியில் அசையவில்லை. நான் யோசிக்கவே இல்லை. "மாத்தியிருக்குதுங்க" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது. நெஞ்சு கொதிக்கிறது, கொதிப்போடே வாய் முதலாளி பக்கம் போய் நின்றுகொண்டது. முதலாளி தெய்வசிகாமணி என்னைக் கேட்காமல் விற்றார், என்னிடம் சொல்லாமல் என் பிள்ளையின் படிப்பைக் கலைத்தார், அவ்வளவும் செய்துவிட்டு, சென்னி காட்டிக்கொடுக்க மாட்டான் என்று நிம்மதியாக வீட்டில் காபி குடித்துக்கொண்டிருக்கிறார். அந்த நிம்மதி சரிதான். அதுதான் எனக்கு அழுகையாக வந்தது. என்னை இத்தனை நன்றாகத் தெரிந்துகொண்டு, தெரிந்ததை இதற்குப் பயன்படுத்தினாரே.

"அப்பச் சரி, ஓட்டறவன் சொன்னாப் போதும்" என்றார் ரைஸ்மில்காரர். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொண்ணு கேக்கோணும். வண்டியோட நீயும் வந்துருவேன்னு உங்க மொதலாளி சொன்னாரு. நான் சரின்னும் சொல்லல, இல்லீன்னும் சொல்லல. ஆளு என்ன மாடா, கயித்தோட புடிச்சுக் குடுக்க? உன்னையக் கேட்டாங்களா?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் அவரே தொடர்ந்தார். "எனக்கு டிரைவர் வேணும், அது நெசம். கண்ணும் முன்ன மாதிரி இல்ல. வர இஷ்டமிருந்தா வா. வூட்ல கலந்துக்க. பொண்ணு பரீட்சை எழுதுதுன்னு பாய் போன்ல சொன்னாரு, அது முடியட்டும், அதுவரைக்கும் நான் இந்தப் பழைய வண்டிய எப்படியோ உருட்டிக்கறேன். வல்லீன்னாலும் ஒண்ணுமில்ல, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்." அடியிலிருந்து பாய், "நாப்பது வந்துருச்சு" என்றார். மூடி கழன்றது, தட்டில் ஆயில் விழுகிற சத்தம் கேட்டது, முதலில் ஓயாமல், பிறகு விட்டு விட்டு. "மூடறேன், ஆஃப் பண்ணு." அணைத்தேன். ஷெட் திடீரென்று அமைதியாகிவிட்டது, இனிமேல் நான் பேசுவது எல்லாருக்கும் கேட்கும். "ஏனுங்க" என்றேன். சொல்லுப்பா என்றார். "நான் வர்றது அப்பறம் பாத்துக்கலாமுங்க. நீங்க வண்டிய வாங்காதீங்க. ஆயிலு மாத்துனேன்னது பொய்யிங்க. இன்னைக்குத்தான் மொதமொதல்ல மாத்தறது. உள்ள தேஞ்சிருக்குது. ரெண்டுலருந்து மூணுக்கு உதைக்குமுங்க. இப்ப உதைக்காது, ஒரு மாசமோ ரெண்டு மாசமோ, அப்பறம் நடுரோட்டுல நின்னுக்கும்." அவர் என்னைப் பார்த்தார், பிறகு பாயைப் பார்த்தார். பாய் இல்லை என்று தலையாட்டவில்லை. "செரி" என்றார் ரைஸ்மில்காரர், "செரிப்பா, கீழ எறங்கி வா, டீ குடிக்கலாம்."

பாய் பொத்தானை அழுத்தினார், வண்டி இறங்கத் தொடங்கியது. துரோகம் பண்ணிவிட்டேன் என்றுதான் முதலில் தோன்றியது. தின்ற உப்புக்கு துரோகம், இத்தனை வருஷம் சோறு போட்டவருக்கு துரோகம். துரோகம் என்கிற இந்த வார்த்தை அவர் செய்ததை நினைத்தபோது ஒரு தடவைகூட எனக்கு வரவில்லை, ஏமாற்றினார், விற்றார், கேட்கவில்லை என்று என்னென்னவோ வந்தது, இது வரவில்லை. எனக்கு என்றதும் கூப்பிடாமலே வந்து நிற்கிறது. கோகிலாவிடம் போய் என்ன சொல்வேன். வீடு போகும். இன்றைக்கே போகும். சட்டைப் பையில் போன் அடிக்கத் தொடங்கியது. எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை, அவருக்கு மட்டும் தனி மணி வைத்திருக்கிறேன். ரைஸ்மில்காரர் பார்த்துக்கொண்டிருந்தார், பாய் பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரம் தரையைத் தொட்டது. போனைக் காதில் வைத்து, "சொல்லுங்க மொதலாளி" என்றேன்.